அடிப்பதை நிறுத்திவிட்டோம், அப்புறம்?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். மகனுக்கு மூன்றரை வயது. தங்கை பிறந்து ஆறு மாதம். அவன் பாப்பாவை அடிக்கிறான், கையில் கிடைத்ததை வீசுகிறான், டிவியை அணைத்தால் வீடே அதிரக் கத்துகிறான். அடிப்பது தவறு என்று படித்துவிட்டு நீங்களும் கணவரும் அதை நிறுத்திவிட்டீர்கள். இப்போதெல்லாம் ஒவ்வொரு முறையும் அவனை மடியில் உட்காரவைத்து, "பாப்பாவுக்கு வலிக்கும்ல? நீ நல்ல பையன்ல?" என்று பத்து நிமிடம் எடுத்துச் சொல்கிறீர்கள். அவன் தலையாட்டுகிறான், சிரிக்கிறான், மறுபடி போய் அடிக்கிறான். "அடியாத மாடு படியாது" என்கிறார் மாமியார். கணவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறார். போன வாரம் உங்களுக்கே பொறுமை போய் ஓர் அறை விட்டுவிட்டீர்கள். பாசிட்டிவ் டிசிப்ளின், அதாவது அடிக்காமல், அவமானப்படுத்தாமல் பிள்ளையை நெறிப்படுத்தும் முறை என்பது, செல்லம் கொடுப்பதற்கு வைத்த நாகரிகமான பெயர்தானா? அவன் அடிக்கும்போது என்னதான் செய்வது? அந்த அறை அவன் மனதில் நின்றுவிடுமா?

22 வருடம் மழலையர் வகுப்பில் இருந்தவள் என்ற முறையில் எனக்குப் படுவதைச் சொல்கிறேன். நீங்கள் அடியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பேச்சை வைத்திருக்கிறீர்கள். அங்கே வைக்க வேண்டியது செயல். பேச்சு அதற்குத் தொட்டுக்கொள்ள மட்டும்தான்.

அவன் பக்கம் நின்று ஒருமுறை பாருங்கள். ஆறு மாதத்துக்கு முன்பு வரை அம்மாவின் மடி அவனுடையது. இப்போது அதில் வேறோர் ஆள். அவன் சமர்த்தாக உட்கார்ந்து கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில்தானே நமக்கும் நாலு வேலை ஓடும்! ஆனால் பாப்பாவின் தலையில் ஒன்று வைத்தால் அம்மா ஓடி வருகிறாள், மடியில் தூக்கி வைக்கிறாள், முகத்துக்கு நேர் பார்த்து பத்து நிமிடம் பேசுகிறாள். இதைவிட நல்ல பேரம் அவனுக்கு எங்கே கிடைக்கும்? இதை அவன் திட்டம் போட்டுச் செய்வதில்லை. எதைச் செய்தால் அம்மா கிடைக்கிறாளோ அது தானாகவே கைப்பழக்கமாகிவிடுகிறது.

அந்தச் சிரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாட்டிக்கொண்ட குழந்தை பல நேரம் சிரிக்கும். பதற்றத்தில் வருகிற சிரிப்பு அது. அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு பெரியவர்கள் கை ஓங்கியதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, செல்லமா என்ற கேள்விக்கு வருவோம். இந்த முறையின் வேர் வியன்னாவில் இருக்கிறது. ஆல்ஃபிரட் அட்லர் (1870–1937) என்ற மனநல மருத்துவரும், அவர் வழியில் வந்து பிறகு சிகாகோவில் குடியேறிய ருடால்ஃப் டிரைக்கர்ஸும் சொன்னதன் சாரம் இது: ஒரு குழந்தைக்குச் சோறு தண்ணீருக்கு அடுத்து வேண்டியது, இந்தக் கூட்டத்தில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்ற உணர்வு. அந்த இடம் நேர்வழியில் கிடைக்காதபோது அது குறுக்குவழியில் போகும். குறுக்குவழிகள் நான்கு என்று டிரைக்கர்ஸ் வகுத்தார். கவனத்தை இழுப்பது, "நான் வைத்ததுதான் சட்டம்" என்று அதிகாரம் காட்டுவது, பழிவாங்குவது, "என்னால் ஆகாது" என்று கைவிட்டு உட்கார்ந்துவிடுவது. எந்தக் குழந்தையும் இப்படி நாலு டப்பாவுக்குள் கச்சிதமாக அடங்காது என்பது என் அனுபவம். ஆனால் அவர் சொன்ன ஓர் அடையாளத்தை நான் விடவே மாட்டேன்: குழந்தை என்ன நினைக்கிறது என்று தெரியாவிட்டால், அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று பாருங்கள். எரிச்சலாக இருந்தால் அது கவனம் கேட்கிறது. "எனக்கே சவாலா?" என்று தோன்றினால் அது அதிகாரப் போட்டி. மனசு வலித்தால் பழி. கையை விரித்துவிடலாம் போலிருந்தால், குழந்தையும் கையை விரித்துவிட்டது. உங்கள் மகன் பெரும்பாலும் முதல் வகை, அவ்வப்போது இரண்டாவது என்று நினைக்கிறேன்.

1960களில் அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட், மழலையர் பள்ளிப் பிள்ளைகளையும் அவர்கள் வீடுகளையும் சேர்த்துப் பார்த்து, வளர்ப்பு முறைகளை மூன்றாகப் பிரித்தார். கண்டிப்பு மட்டும் உள்ள வீடு, பாசம் மட்டும் உள்ள வீடு, இரண்டும் உள்ள வீடு. தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதிலும் தன் காலில் நிற்பதிலும் மூன்றாவது வகை வீட்டுப் பிள்ளைகள்தான் மேலாக இருந்தார்கள். செல்லம் என்று உங்கள் மாமியார் சொல்வது இரண்டாவது வகை. பாசிட்டிவ் டிசிப்ளின் மூன்றாவது. அதில் எல்லைக்கோடு உண்டு, அது நகராது. கோட்டைக் காட்டுகிற விதத்தில்தான் அவமானமும் வலியும் கிடையாது.

இன்னொன்றையும் புரிந்துகொண்டால் உங்கள் கோபம் பாதி இறங்கிவிடும். "அடிக்கலாமா?" என்று கேட்டால் "கூடாது" என்று அவனே சொல்வான். அப்புறம் ஏன் அடிக்கிறான்? தவறு என்று தெரிவது ஒரு வேலை, கை எழும்பும்போது அதை நிறுத்துவது வேறு வேலை. இரண்டாவதைச் செய்கிற மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்டிவிடும். மூன்றரை வயதில் அது இப்போதுதான் கட்டத் தொடங்கிய வீடு. அதிலும் கோபமோ பொறாமையோ பொங்கும்போது இருக்கிற கொஞ்சமும் வேலை செய்யாது. அந்த நேரத்தில் நீங்கள் சொல்கிற நியாயம், நீரில் மூழ்குகிறவனுக்கு நீச்சல் பாடம் நடத்துவது மாதிரிதான். அவனிடம் இன்னும் இல்லாத பிரேக்கைக் கொஞ்ச காலத்துக்கு நீங்கள்தான் போட வேண்டும். வாயால் போட முடியாது, கையால்தான் முடியும்.

எப்படி என்று சொல்கிறேன். அவனும் பாப்பாவும் ஒரே அறையில் இருக்கும்போது நீங்கள் கையெட்டும் தூரத்தில் இருங்கள். அடுத்த அறையிலிருந்து "டேய், வேண்டாம்" என்று குரல் கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை. அவன் கை எழும்போதே மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். இறுக்காமல், ஆனால் நழுவாமல். "பாப்பாவை அடிக்க விடமாட்டேன்." அவ்வளவுதான். "அடிக்கக் கூடாது" என்பது ஒரு விதி, அதை அவன் மீறலாம். "விடமாட்டேன்" என்பது நீங்கள் செய்யப்போகிற காரியம். கேட்க ஒரே மாதிரி இருந்தாலும் குழந்தைக்கு இந்த வித்தியாசம் தெரியும். குரலை உயர்த்த வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். மழை வருகிறது என்று சொல்வோமே, அந்தக் குரல் போதும்.

கை முந்திக்கொண்டு அடி விழுந்துவிட்டால் முதலில் பாப்பாவைத் தூக்குங்கள். உங்கள் கண் அடிபட்டவள் மேல் இருக்கட்டும், அவன் மேல் வேண்டாம். பாப்பாவைத் தடவிக்கொடுத்து, "வலிக்குதா, இதோ அம்மா இருக்கேன்" என்று சொல்வது அவன் காதிலும் விழும். அது போதுமான பாடம். பாப்பா அடங்கிய பிறகு அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். "உனக்குக் கோபம் வந்துச்சு. கோபம் வரலாம். அடிக்க விடமாட்டேன்." முடிந்தது. அவன் அழுதால் அழட்டும், தள்ளிவிட்டால் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். நடந்ததைக் கிண்டி விசாரிக்க வேண்டாம். "ஏன் அடிச்சே?" என்ற கேள்விக்கு மூன்றரை வயதில் உண்மையான பதில் கிடையாது. நீங்கள் வற்புறுத்தினால் அவன் ஒன்றைக் கற்பனை செய்து சொல்வான், அதற்கும் சேர்த்துத் திட்டு வாங்குவான்.

"ஸாரி சொல்லு" என்று அந்த இடத்திலேயே கட்டாயப்படுத்துவதும் எனக்குப் பிடிக்காது. என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். முதலில் ஸாரி சொல்லிவிட்டு அப்புறம் அடிப்பான்! ஸாரி என்பது நுழைவுச்சீட்டு என்று அவனுக்கு யாரோ கற்றுக்கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில், எல்லோரும் ஆறிய பிறகு சரிசெய்கிற வேலை ஒன்றைக் கொடுங்கள். பாப்பாவின் முகத்தைத் துடைக்கத் துணி எடுத்து வரச் சொல்லலாம், கிலுகிலுப்பையை அவள் கையில் கொடுக்கச் சொல்லலாம். மன்னிப்பு என்பது கையால் செய்கிற ஒன்று என்று முதலில் தெரியட்டும். சொல் பின்னால் தானாக வரும்.

இதெல்லாம் அடி விழும் அந்த அரை நிமிடத்துக்கு. உண்மையான வேலை மீதி நேரத்தில் இருக்கிறது.

மூன்று நாள் ஒரு துண்டுச்சீட்டில் குறித்துவையுங்கள்: எத்தனை மணிக்கு அடித்தான், அதற்குக் கொஞ்சம் முன்பு என்ன நடந்தது. எனக்கு ஓர் ஊகம் உண்டு. நீங்கள் பாலூட்டும் நேரமும் அவனுக்குப் பசியோ தூக்கமோ வருகிற மாலை நேரமும்தான் அதிகம் வரும். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டில் மூத்ததன் தூக்கம்தான் முதலில் கெடும், யாரும் கவனிக்கமாட்டார்கள். குறும்பு என்று நாம் நினைக்கிறதில் கணிசமானது வெறும் தூக்கக் கலக்கம். அதற்கு டிசிப்ளின் எதுவும் வேண்டாம், அரை மணி நேரம் முன்னால் படுக்கவைத்தால் போதும்.

பாலூட்டும் நேரத்துக்கென்று ஒரு பெட்டி வைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் மட்டும் திறப்பது, மற்ற நேரத்தில் மேலே இருப்பது. இரண்டு மூன்று பொருள் போதும், வாரம் ஒருமுறை மாற்றினால் சலிக்காது. அவனுக்கு ஒரு வேலையும் கொடுங்கள். தலையணையை எடுத்து வைப்பது அவன் பொறுப்பு என்று சொல்லிவிடலாம். வேலை கொடுத்தால் தொல்லை என்று நாம் நினைக்கிறோம். ஆனால் குழந்தைகளுக்கு உதவி செய்யப் பிடிக்கும். பெரியவர் கைதவறிப் போட்ட பொருளை, யாரும் சொல்லாமலே, பரிசு எதுவும் இல்லாமலே ஒன்றரை வயதுக் குழந்தைகள் எடுத்துக் கொடுத்ததை 2006-ல் வெளியான ஒரு பரிசோதனை காட்டியது. நாம்தான் "நீ போய் விளையாடு" என்று துரத்தித் துரத்தி அந்த ஆசையைக் கெடுக்கிறோம்.

அப்புறம், ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் அவனோடு மட்டும். பாப்பா வேறு யாரிடமாவது இருக்கட்டும், போன் கையில் இருக்கக் கூடாது, என்ன விளையாட்டு என்று அவன் முடிவு செய்யட்டும். நீங்கள் எதுவும் கற்றுத்தர வேண்டாம், "இது என்ன கலர்?" என்று பரீட்சை வைக்கவும் வேண்டாம். இந்தப் பத்து நிமிடம் பரிசும் இல்லை, தண்டனையாகப் பறிப்பதற்கும் இல்லை. அவன் காலையில் பத்து தடவை அடித்திருந்தாலும் மாலையில் அது உண்டு. நீங்கள் இப்போது மடியில் வைத்துப் பேசுகிற அதே பத்து நிமிடம்தான் இது. அடிக்குப் பின்னால் வந்துகொண்டிருந்ததை இடம் மாற்றுகிறோம், வேறொன்றும் இல்லை.

பாப்பாவைப் பிடிக்கவில்லை என்று அவன் சொன்னால் பதறாதீர்கள். "சேச்சே, தங்கச்சியை அப்படிச் சொல்லலாமா" என்று வாயை மூடினால் வாய் செய்யாததைக் கை செய்யும். "சில நேரம் அப்படித்தான் இருக்கும். அம்மா பாப்பாவையே வச்சுக்கிட்டிருக்கேன்ல" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். உணர்ச்சிக்குத் தடையில்லை, அடிக்கு மட்டும் தடை.

டிவி விஷயம் வேறு. அங்கே நடப்பதை அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பாட்டர்சன் பல ஆண்டுகள் வீடு வீடாகப் பார்த்து விளக்கியிருக்கிறார். நீங்கள் அணைக்கிறீர்கள். அவன் கத்துகிறான். காது தாங்காமல் "சரி, இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று போடுகிறீர்கள். கத்தல் நின்றுவிடுகிறது. அவன் கற்றது: கத்தினால் டிவி வரும். நீங்கள் கற்றது: போட்டுவிட்டால் நிம்மதி வரும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பழக்கிக்கொண்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் கத்தல் கொஞ்சம் பெரிதாகும், நீங்கள் இறங்கி வருகிற இடமும் கொஞ்சம் தள்ளிப்போகும்.

எப்போதும் இறங்கி வருவதைவிட மோசமானது எப்போதாவது இறங்கி வருவது. ஏழு நாள் உறுதியாக இருந்துவிட்டு எட்டாவது நாள் விருந்தாளி வந்திருக்கிறார் என்று போட்டுவிட்டால், முயற்சியைக் கைவிடக் கூடாது என்பதைத்தான் குழந்தை கற்றுக்கொள்கிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், யாரும் முன்கூட்டி எச்சரிப்பதில்லை. நீங்கள் உறுதியாக நிற்க ஆரம்பித்த முதல் சில நாட்கள் கத்தல் குறையாது, கூடும். வழக்கமாகத் திறக்கிற கதவு திறக்காவிட்டால் நாமும் இன்னும் பலமாகத் தட்டுவோமே, அது மாதிரி. அந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலானவர்கள் "இந்த முறை நம்ம பையனுக்கு ஒத்துவரலை" என்று விட்டுவிடுகிறார்கள்.

நிறுத்தும் நேரத்தைக் கடிகாரத்தில் சொல்லாதீர்கள். ஐந்து நிமிடம் என்றால் என்னவென்று மூன்றரை வயதுக்குத் தெரியாது. "இந்தக் கதை முடிஞ்சதும் நீயே பட்டனை அமுக்கு" என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். அணைப்பது அவன் கையாக இருந்தால் பாதி நாள் சண்டையே வராது. வருகிற நாளில் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். "இன்னும் பாக்கணும்னு இருக்கு. நாளைக்குப் பாக்கலாம்." மறுபடி மறுபடி சொல்ல வேண்டாம். ஒன்றரை முதல் ஐந்து வயதுவரை உள்ள பிள்ளைகளின் அடத்தைப் பெற்றோரிடம் கேட்டுப் பதிவு செய்து, 2003-ல் ஓர் ஆய்வு வெளியானது. நாலில் மூன்று பங்கு அழுகைகள் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்திருந்தன. நமக்குத்தான் அது ஐம்பது நிமிடமாகத் தெரிகிறது.

வீசுவதற்கு வருகிறேன். கட்டையை வீசினால் கட்டைகள் உள்ளே போகும், சாப்பாட்டுக்குப் பிறகு திரும்ப வரும், மறுபடி விளையாடிப் பார்க்கலாம். "கட்டையை வீசினே, அதனால நாளைக்கு வெளியே கூட்டிட்டுப் போக மாட்டேன்" என்பது தண்டனை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை டிரைக்கர்ஸ் நிறைய வலியுறுத்தினார். விளைவு செய்கையோடு ஒட்டியதாக இருக்க வேண்டும், உடனே நடக்க வேண்டும். மூன்றாவதாக நான் ஒன்று சேர்த்துக்கொள்வேன்: அதைக் கோபமில்லாமல் உங்களால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். "இப்பப் பாரு உனக்கு" என்ற தொனி வந்துவிட்டால் அது தண்டனைதான், நீங்கள் என்ன பெயர் வைத்தாலும். அவனுக்கு வீசப் பிடிக்கிறது என்றால் பந்தையும் ஒரு கூடையையும் காட்டி "இதை வீசலாம்" என்று சொல்லுங்கள். எதைச் செய்யக் கூடாது என்பதைவிட எதைச் செய்யலாம் என்பது சின்னப் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் விளங்கும். "ஓடாதே" என்பதைக் கேட்ட குழந்தை முதலில் ஓட்டத்தை நினைத்து, பிறகு அதை மறுக்க வேண்டும். "நட" என்றால் நடந்துவிடலாம்.

செய்ய முடியாத மிரட்டலைச் சொல்லாதீர்கள். "உன்னை இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன்" என்பதை நான் கேட்டதிலேயே கொடுமையான வாக்கியமாகச் சொல்வேன். நம்பினால் அது குழந்தையின் அடித்தளத்தையே ஆட்டும், நம்பாவிட்டால் உங்கள் சொல்லுக்கு அப்புறம் மதிப்பில்லை. போலீஸ் பிடித்துக்கொண்டு போவார், டாக்டர் ஊசி போடுவார் என்பதும் அந்த ரகம்தான். நாளைக்குத் தொலைந்துபோனால் யாரிடம் உதவி கேட்க வேண்டுமோ அவரையே பூச்சாண்டி ஆக்குகிறோம்.

உங்கள் கணவர் எண்ணுவதில் தப்பில்லை, மூன்றில் ஏதாவது நடந்தால். பல வீடுகளில் அது இரண்டே கால், இரண்டரை, இரண்டே முக்கால் என்று நீண்டுகொண்டே போகும். மூன்று வரைக்கும் நமக்கு நேரம் இருக்கிறது என்பதைத்தான் பிள்ளைகள் அதில் கற்கிறார்கள், பின்னக் கணக்கோடு சேர்த்து.

மூலையில் உட்காரவைப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். அதை முறையாகப் பயன்படுத்துகிற பெற்றோர் பயிற்சிகளில் அது இரண்டு மூன்று நிமிடம்தான், அமைதியாக, மற்ற நேரத்தில் நிறைய அன்போடு. வீடுகளில் நடப்பது பெரும்பாலும் கோபத்தோடு அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவது. அம்மா கிடைக்காத தவிப்பில் அடிக்கிற பிள்ளையை அம்மாவிடமிருந்து இன்னும் தள்ளிவைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் நானும் கூடப் போய் உட்கார்ந்துவிடுவேன்.

ஸ்டிக்கர், நட்சத்திரம், சாக்லேட் எல்லாம் கொஞ்ச நாளைக்கு வேலை செய்யும். ஆனால் 1973-ல் மழலையர் பள்ளி ஒன்றில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள பிள்ளைகளுக்குப் பரிசு தருவதாகச் சொல்லி வரையச் சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால் அந்தப் பிள்ளைகள் தாமாக வரைவது குறைந்துபோயிருந்தது. பரிசு எதுவும் பேசாமல் வரைந்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை. அதனால் கழிப்பறைப் பழக்கம் மாதிரி ஒரு கட்டத்தோடு முடிகிற விஷயத்துக்கு ஸ்டிக்கர் சரி. தங்கையிடம் அன்பாக இருப்பதற்குக் கூலி பேசாதீர்கள். "நல்ல பையன்" என்பதையும் குறைத்துக்கொள்ளலாம். நல்ல பையன் என்பது அடுத்த அடியோடு பறிபோகிற பட்டம். பார்த்ததை அப்படியே சொல்லுங்கள்: "பாப்பா அழுதா, நீ போய் பொம்மை கொடுத்தே, அழுகை நின்னுச்சு." அவன் செய்ததும் அதனால் நடந்ததும் அதில் இருக்கிறது. திரும்ப எதைச் செய்வது என்று அவனுக்குத் தெரியும்.

மாமியாரிடம் வாதாடாதீர்கள், முக்கியமாக அவன் எதிரில். அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது: இந்தப் பிள்ளையை யாராவது நிறுத்த வேண்டும், இப்போது யாரும் நிறுத்தவில்லை. அவர் கண்ணுக்கு அது தெரிகிறது. அடித்தால் உடனே நிற்கும் என்பதும் உண்மைதான், இல்லாவிட்டால் இத்தனை தலைமுறை யாரும் அடித்திருக்கமாட்டார்கள். ஆனால் அந்த நிமிடம் தாண்டிப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. 2016-ல் எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கேலர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஐம்பது ஆண்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்து, சுமார் 1,60,000 குழந்தைகளைப் பற்றிய விவரங்களை அலசினார்கள். பின்புறத்தில் தட்டுவது போன்ற "சாதாரண" அடியைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டது. அடி கூடக் கூட முரட்டுத்தனமும் மனக் கஷ்டமும் கூடுவதோடுதான் சேர்ந்து வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அடிதான் காரணம் என்று இதை வைத்துச் சாதிக்க முடியாது, முரட்டுப் பிள்ளை அதிகம் அடி வாங்குவதும் உண்டு. ஆனால் நீண்ட நாளில் பிள்ளை நன்றாக நடந்துகொள்ள அடி உதவியது என்று காட்ட அந்தக் குவியலில் ஒன்றும் தேறவில்லை.

எனக்கு அதைவிட மனதில் தைத்தது இன்னொரு சின்ன ஆய்வு. மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகள், ஒன்றில் அடி வழக்கம், இன்னொன்றில் இல்லை. மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளிடம் "பின்னால் ஒரு பொம்மை இருக்கிறது, திரும்பிப் பார்க்காதே" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போனார். இரண்டு பள்ளியிலும் பெரும்பாலானவர்கள் பார்த்துவிட்டார்கள், குழந்தைகள்தானே. "பார்த்தாயா?" என்று கேட்டபோது அடி உள்ள பள்ளியின் பிள்ளைகள்தான் அதிகம் பொய் சொன்னார்கள். அதோடு, அடுத்தடுத்த கேள்விகளில் மாட்டிக்கொள்ளாமல் அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதிலும் அவர்கள் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். 2011-ல் வந்தது இது. அடி என்ன கற்றுக்கொடுக்கிறது என்பதற்கு எனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பிள்ளைகளை அடிப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்த முதல் நாடு சுவீடன், 1979-ல். மாமியாரிடம் இதையெல்லாம் ஒப்பிக்காதீர்கள், வீட்டில் சண்டைதான் வரும். "அவனை நிறுத்தணும்னு நீங்க சொன்னது சரிதான் அத்தை, இனிமே நான் கையைப் பிடிச்சே நிறுத்தப்போறேன். நீங்க அந்த நேரத்துல பாப்பாவைக் கொஞ்சம் வாங்கிக்கிட்டா போதும்" என்று சொல்லிப் பாருங்கள். வேலை கையில் வந்தால் பெரியவர்களுக்கும் கோபம் குறையும். (மூத்த பிள்ளைகளுக்குச் சொன்னது அவர்களுக்கும் பொருந்தும், என்ன செய்ய!)

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடம் பிடிக்கும்போது தலையை மோதிக்கொண்டோ கடித்துக்கொண்டோ தன்னையே காயப்படுத்திக்கொண்டால், ஒவ்வொரு அழுகையும் சராசரியாக 25 நிமிடத்துக்கு மேல் போனால், ஒரே நாளில் ஐந்தாறு தடவை என்று பல நாள் தொடர்ந்தால், பேச்சு வயதுக்கேற்ப வரவில்லை என்றால், வந்த பேச்சு திரும்பிப் போனால், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டால், தள்ளிப்போடாமல் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். சொல்பேச்சு கேட்காத பிள்ளை என்று பெயர் வாங்கிய ஒருவனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று தெரிந்ததை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். அதுவரை அவன் வாங்கிய திட்டு எல்லாவற்றுக்கும் யார் பதில் சொல்வது?

கடைசியாக, நீங்கள் விட்ட அந்த அறை. ஒரே ஓர் அறை வாங்கியதால் ஒரு குழந்தை உடைந்துபோகாது. எட் டிரானிக் என்ற ஆய்வாளர் தாய்களும் கைக்குழந்தைகளும் பழகுவதை நுணுக்கமாகப் பதிவுசெய்து பார்த்தவர். நல்ல, அன்பான ஜோடிகள்கூடப் பாதிக்கும் மேற்பட்ட நேரம் ஒத்துப்போகாமல்தான் இருந்தார்கள். ஒருவர் சிரிக்க மற்றவர் திரும்பிக்கொள்ள, அப்புறம் மறுபடி சேர்ந்துகொள்ள, இப்படியே. உறவைப் பிடித்துவைத்திருந்தது அந்த மறுபடி சேர்ந்துகொள்கிற பகுதி. ஆகவே அவனிடம் போய்ச் சொல்லுங்கள், ஒரு வாரம் ஆகிவிட்டாலும் பரவாயில்லை: "அன்னைக்கு அம்மாவுக்குக் கோபம் வந்து உன்னை அடிச்சிட்டேன். அது தப்பு. இனிமே கோபம் வந்தா கொஞ்சம் தள்ளிப் போய் தண்ணி குடிப்பேன்." அதில் "ஆனா நீயும்தானே..." என்று ஒன்றைச் சேர்த்துவிடாதீர்கள்.

என் மகளுக்கு நாலு வயதிருக்கும்போது நானும் ஒருமுறை அடித்திருக்கிறேன், நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளிடம் பொறுமையாக இருந்துவிட்டு வந்து. புதுச் சுவரில் கிறுக்கிவைத்திருந்தாள். இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் அவள் எழுந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, ஒத்திகை பார்த்துவைத்திருந்ததையெல்லாம் சொன்னேன், தொண்டை அடைத்துக்கொண்டது. அவள் முழுதும் கேட்டுவிட்டு, "சரிம்மா. அந்தச் சிவப்புப் பென்சிலைத் திருப்பிக் குடு" என்றாள். கொடுத்தேன், கூடவே ஒரு கட்டுக் காகிதமும்.